காற்று ஊசி

சுற்றறிக்கை போனது ஞாயிறு காலை.
'உடற்கல்வியைக் கட்டாயமாக்கலாமா?
பெற்றோர் கருத்தை எழுத்தில் தருக.'
தட்டச்சு செய்தவள் நான்.
அப்பாசியாவில் மூன்று மாடி வாடகைக் கட்டடம் எங்கள் பள்ளி.
கீழ்த்தளத்தில் அலுவலகம்,
ஏசிக்கு நேர் கீழே என் நாற்காலி.
கழுத்து பிடித்துக்கொண்டு இது ஏழாவது வருடம்.

வியாழனுக்குள் நூற்று நாற்பது கடிதங்கள்.
விலக்குக் கேட்டு வந்தவைதான் அதிகம்.

ஒரு பிள்ளைக்கு வீசிங்.
ஒன்றுக்கு வெயிலில் நின்றால் மூக்கில் ரத்தம்.
'கறுத்துப்போவாள்' என்று ஒரு கடிதம்;
மறைக்காமல் எழுதியதற்கு நன்றி.
'பந்தை உதைத்து யார் டாக்டரானார்?'
'ஃபீஸ் ஏற்றாவிட்டால் ஆட்சேபணை இல்லை.'
'ஐம்பது டிகிரியில் பிள்ளை எங்கே ஓடும்?
மொட்டை மாடியிலா?'
இதற்கு என்னிடமும் பதில் இல்லை.
மைதானம் என்று நாங்கள் சொல்வது
பஸ்கள் திரும்புகிற இடம்.

ஜன்னலுக்கு வெளியே எதிர்க் கட்டடத்தில்
சாரம் கட்டுகிறார்கள்.
இரும்புக் குழாயைத் தோளில் வைத்து ஒருவர்
ஏறுகிறார், இறங்குகிறார், ஏறுகிறார்.
அவர் கருத்தை யாரும் எழுத்தில் கேட்கவில்லை.

நானும் ஒரு காலத்தில் கடிதம் எழுதியவள்தான்.
ஏழாம் வகுப்பில், அம்மா கையெழுத்தை நானே போட்டு,
மாதம் மூன்று முறை எனக்கு மாதவிலக்கு.
பி.டி. மிஸ் எண்ணிப் பார்க்கவே இல்லை.
ஓடினால் குலுங்குது என்று சிரித்தவர்கள் பெயர்
இன்றைக்கும் வருகைப்பதிவு போல வரிசையாக வரும்.
'கட்டாயம்' என்று அடிக்கும்போது
இரண்டு முறை பிழை விட்டேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும்.
கால அட்டவணையில் உடற்கல்வி ஏற்கெனவே இருக்கிறது,
செவ்வாய் ஆறாவது பீரியட்.
கணக்கு சார் வந்து போர்ஷனை முடிப்பார்.
வருடக் கடைசியில் அறுநூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகளுக்கும்
'ஏ' கிரேடு அடிப்பது இந்த விரல்.

புதன் மாலை வந்தது அந்தத் தாள்.
நோட்டிலிருந்து கிழித்தது, நான்காய் மடித்தது,
பெற்றோர் கையெழுத்து இடம் காலி.

'மேடம், கட்டாயம் ஆக்கிவிடுங்கள்.
விருப்பம் என்று போட்டால்
அப்பா நீட் கோச்சிங்கில் டிக் போட்டுவிடுவார்.
கட்டாயம் என்றால்
ஸ்கூல்ல சொல்லிட்டாங்க என்று சொல்லிக்கொள்வேன்.
எனக்கு வேகமா ஓட வராது. பரவாயில்லை.
செரின் பெனிட்டா, ஒன்பது பி.'

கையெழுத்து இல்லாதவை செல்லாது.
அந்த விதியையும் அடித்தவள் நான்.
செல்லாத கட்டில் வைத்தேன். எடுத்தேன்.
எல்லாவற்றுக்கும் மேலே வைத்தேன்.
முதல்வர் இன்னும் பார்க்கவில்லை.

ஸ்டோர் சாவி என் மேசையில்தான்.
பதிவேட்டில் பந்து பதினொன்று.
நேரில் பதினொன்றும் சப்பை.
பம்ப் உண்டு, ஊசி இல்லை.
ஊசி கேட்டுப் போன வருடம் எழுதிய கோரிக்கை
மூன்று கையெழுத்தில் இரண்டோடு நிற்கிறது.

நேற்று பக்காலாவுக்கு அடுத்த கடையில்
இருநூற்றைம்பது ஃபில்ஸ்.
ரசீது வாங்கவில்லை.

எல்லா பஸ்ஸும் போன பிறகு
ஒரே ஒரு பந்துக்குக் காற்றடித்தேன்.
முப்பது அழுத்தலுக்குள் மூச்சு வாங்கியது,
முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டேன்.
வராந்தாவில் ஒருமுறை தட்டினேன்.

"க்யா ஹுவா மேடம்?"
வாட்ச்மேன் தில்பகதூர் எட்டிப் பார்த்தார்.
சத்தம் மூன்றாம் மாடிவரை போய்
இறங்கி வந்துகொண்டிருந்தது.
ஸ்டாக் எடுக்கிறேன் என்றேன்.
இன்னொரு முறை தட்டினேன்.